வால் திரும்பிய நீலம்

ஊரில் அவளுக்குப் பூட்டக்கா என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருக்கிறது. அது ஆஸ்பத்திரிச் சீட்டில் மட்டும் புழங்குகிறது. ஒரு பூட்டைப் பூட்டினால் மூன்று தரம் இழுத்துப் பார்ப்பாள். பத்தடி போனபின் திரும்பி வந்து நாலாம் தரமும் இழுப்பாள். அப்படிப்பட்டவளின் இடுப்பில்தான் மூன்று ஊர்ச் சாவியும் தொங்கியது.

என்ன சாவி என்று கேட்கிறீர்களா? அந்த ஆற்றோரத்து மூன்று ஊர்களிலும் ஒரு காலத்தில் ஓர் ஓவியர் வாடகைக்குக் குடியிருந்தார். இருந்தவரை ஒரு நாய்கூடச் சீந்தவில்லை. போய்ச் சேர்ந்த பிறகு உலகமே தலையில் தூக்கி வைத்துக்கொண்டது. முதல் ஊரில் கயிற்றுக்கடை மாடியறை, இரண்டாம் ஊரில் செங்கல் சூளைக் கொட்டகை, மூன்றாம் ஊரில் அவர் கடைசியாக இரண்டு வருஷம் இருந்த வீடு. மூன்றையும் ஒரு நினைவுக் குழு பார்த்துக்கொள்கிறது. பார்த்துக்கொள்கிறது என்றால் நகரத்தில் உட்கார்ந்து கடிதம் போடுகிறது. கூட்டுவது, துடைப்பது, பூட்டுவது, வருகிறவர்களுக்குக் கதை சொல்வது எல்லாம் பூட்டக்கா. காரோட்டுவது அவள் புருஷன். கடைசி வீட்டின் பின்பக்கத்து இரண்டு அறைகள் வேலையோடு சேர்ந்து வந்தவை. அதில் அவள், புருஷன், மாமியார்.

வருகிறவர்களை அவள் நம்பமாட்டாள். நம்பி என்ன கண்டாள்? ஓவியர் சாப்பிட்ட கரண்டி என்று மேசையில் இருப்பது இதுவரை ஏழு தரம் களவு போயிருக்கிறது. ஏழு தரமும் சந்தையில் பார்த்து வாங்கி வைத்தாள். கதவுக் குமிழ் போனது, திரைச்சீலை வளையம் போனது, ஒரு மகராசி சுவர்க் காரையையே நகத்தால் பெயர்த்துக் கைக்குட்டையில் முடிந்துகொண்டு போனாள். உள்ளே போகும்போது தலையை எண்ணுவாள், வெளியே வரும்போது பையைப் பார்ப்பாள். மனுஷ ஜாதியை நம்பக்கூடாது என்பது அவள் கட்சி.

என் கட்சி வேறு. மடியில் கனம் இருந்தால்தானே வழியில் பயம்? பூட்டக்காவின் மடியில் சாவிக்கொத்தைவிடக் கனமானது ஒன்று இருந்தது.

கடைசி வீட்டின் முன்னறை ஜன்னலில் ஒரு மரக்கட்டை உண்டு, முழங்கை ஊன்றிக்கொள்ள வசதியாக அகலமானது. அதன்மேல் ஒரு நீலக் கறை. ஓவியர் வேலை முடிந்ததும் கட்டைவிரலைத் துடைத்த இடம். அவரைப் பற்றிய பெரிய புத்தகத்தில் அந்த ஜன்னலில் சாய்ந்து நிற்கிற படம் இருக்கிறது. படத்தில் அந்தக் கறையும் இருக்கிறது. வருகிறவர்கள் பாதிப்பேர் அதைப் பார்க்கத்தான் வருகிறார்கள். பார்த்துக் கண்கலங்கியவர்கள் உண்டு.

அந்தக் கறை ஓவியருடையது இல்லை. பூட்டக்காவுடையது.

இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால், கல்யாணமாகி வந்த முதல் மாதம், மாமியாரிடம் நல்ல பெயர் வாங்கும் ஆசையில் அந்த அறையைத் தேய் தேய் என்று தேய்த்தாள். தரை, கதவு, ஜன்னல். சோப்பும் மணலும் போட்டு ஜன்னல் கட்டையைப் பளிச்சென்று ஆக்கிவிட்டுத்தான் நிமிர்ந்தாள். மறுநாள் வந்த ஒரு கூட்டம் கட்டையைச் சுற்றி நின்று, “எங்கம்மா அந்த நீலம்?” என்று கேட்டபோதுதான் செய்தது புரிந்தது. இன்னும் வெயில் ஏறவில்லை, சாயங்கால வெயிலில்தான் தெரியும் என்று வாய்க்கு வந்ததைச் சொல்லி அனுப்பினாள். ஆணிக்கடைக்கு ஓடிப்போய் ஒரு சின்ன டப்பா நீலப் பெயிண்ட் வாங்கி, தன் கட்டைவிரலை முக்கி ஒரு இழுப்பு இழுத்துவிட்டாள்.

அவளுக்கு இடதுகைப் பழக்கம். இழுத்த கறையின் வால் இடப்பக்கம் போய்விட்டது. புத்தகத்துப் படத்தில் வால் வலப்பக்கம். அதை அவள் கண்டுபிடித்தது மூன்றாம் வருஷம், யாரோ ஒருவர் கையில் இருந்த புத்தகத்தை எட்டிப் பார்த்தபோது. அதற்குள் ஊர்ப்பட்ட கேமராவில் அந்த இடப்பக்க வால் ஏறிவிட்டது. இனி மாற்றினால் அதுவே வம்பு. ஜனங்கள் காட்டியதைப் பார்ப்பார்களே தவிர ஒப்பிட்டுப் பார்க்கமாட்டார்கள் என்று தெம்பாக இருந்தாள். தொட்டுத் தொட்டுத் தேயும்போது இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை புதுப்பித்தாள். டப்பா அவளுடைய துணிப்பெட்டிக்கு அடியில். புருஷனுக்குத் தெரியாது. மாமியாருக்குத் தெரிந்தால் தொலைந்தது.

இப்படியே போயிருக்கலாம். போன மாதம் குழுவிலிருந்து ஒரு கடிதம் வந்தது. கறைக்குமேல் கண்ணாடி போட்டு மூடப்போகிறார்களாம், நுழைவுச்சீட்டிலும் அதை அச்சடிக்கப்போகிறார்களாம். அதற்கு முன்னால் விஷயம் தெரிந்த ஒருவர் வந்து பரிசோதிப்பாராம். அவர் பெயரோ தேதியோ சொல்லப்படாது. சாதாரணப் பார்வையாளராகவே வருவார். பராமரிப்பில் குறை தெரிந்தால் பொறுப்பு மாற்றப்படும்.

பொறுப்பு மாறினால் பின்பக்கத்து இரண்டு அறையும் மாறும். எழுபத்தெட்டு வயசு மாமியாரை அழைத்துக்கொண்டு எந்தத் தெருவுக்குப் போவது? அன்று சாயங்காலமே பூட்டக்கா கறையை இன்னொரு தரம் புதுப்பித்தாள். பயத்தில் செய்கிற வேலை எது உருப்பட்டது? பெயிண்ட் கொஞ்சம் தூக்கலாகிப் பளபளத்தது.

அதன்பிறகு வந்தவன் போனவன் எல்லாரும் அவள் கண்ணுக்குப் பரிசோதகர்தான். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்.

அன்று காலை வந்தவர் தனி ஆள். அறுபது வயசிருக்கும். பதினாறு மணி நேரம் விமானத்தில் உட்கார்ந்து வந்து அப்போதுதான் இறங்கியிருந்தார். தங்கும் அறை சாயங்காலம்தான் கிடைக்கும் என்று சொல்லிவிட்டார்களாம். பெட்டியும் தோள்பையுமாக நேரே டிரைவரின் காரில் ஏறிவிட்டார். இந்த மாதிரி முதல்நாள் ஆட்களுக்கு டிரைவர் வைத்த பெயர் தலைகீழ் ஆட்கள். அவர்கள் ஊரில் அப்போது நடு ராத்திரி. கண் திறந்திருக்கும், ஆள் உள்ளே இருக்கமாட்டார். அவர்களைப் பகலில் தூங்கவிடக்கூடாது, விட்டால் ராத்திரி முழுக்க விழித்துக்கொண்டு அவஸ்தைப்படுவார்கள் என்பது டிரைவரின் சட்டம். முன்சீட்டில் உட்காரவைத்து, கண்ணாடியை இறக்கிவிட்டு, பேச்சுக் கொடுத்துக்கொண்டே இருப்பார்.

“தூங்கிடாதீங்க சார். அதோ பாருங்க ஆறு.”

“பாக்குறேன்.”

“கண்ணைத் தொறந்து பாருங்க சார்.”

பின்சீட்டில் பூட்டக்கா அவருடைய பின்னங்கழுத்தையே பார்த்துக்கொண்டு வந்தாள். கேமரா இல்லை. புத்தகம் இல்லை. குடையில்லை, தொப்பியில்லை. இவ்வளவு தூரம் வந்தவன் ஒரு படம் எடுக்கக் கேமராகூடக் கொண்டுவரமாட்டானா? எலி அம்மணமாக ஓடுகிறது என்றால் சும்மாவா ஓடும்?

கயிற்றுக்கடை மாடியில் ஓவியரின் படுக்கை, நாற்காலி, அவர் வரைந்த படகுத்துறைப் படத்தின் நகல் எல்லாம் இருக்கின்றன. வருகிறவர்கள் முதலில் படத்துக்குத்தான் போவார்கள். இவர் சுவருக்குப் போனார். உள்ளங்கையால் தடவினார். விரல் முட்டியால் இரண்டு இடத்தில் தட்டினார். கதவிடுக்கில் மூக்கை வைத்து முகர்ந்தார்.

“மூணு கோட்டு பெயிண்ட்” என்றார். “மூணாவது சமீபத்துல அடிச்சது. அவசரமா அடிச்சிருக்காங்க, கீழ்க்கோட்டு சரியா காயல.”

பூட்டக்கா படத்துக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டாள். “அதெல்லாம் எனக்குத் தெரியாது சார். குழுவில ஆள் அனுப்பி அடிச்சாங்க. படம் இந்தப் பக்கம் இருக்கு.”

“படம் இருக்கட்டும்மா” என்று கொட்டாவி விட்டார். “கூட்டுறது, துடைக்கிறதெல்லாம் யாரு?”

“நான்தான். ஏன் கேக்குறீங்க?”

“சும்மாதான்.”

சும்மாவாம். சும்மா கேட்கிறவன் ஏன் என் கையையே பார்க்கிறான் என்று பூட்டக்கா இடது கையைப் புடவைத் தலைப்புக்குள் இழுத்துக்கொண்டாள். மாடியைப் பூட்டி மூன்று தரம் இழுத்தாள். பாதி படி இறங்கித் திரும்பவும் ஏறினாள்.

“போச்சுடா” என்று டிரைவர் ஹாரன் அடித்தார்.

சூளைக் கொட்டகையில் ஓவியர் செங்கல் சுமக்கும் பெண்களை வரைந்தார். இப்போது சூளை எரியவில்லை. பத்து அடுக்குச் செங்கலும் ஒரு பலகையும் இருக்கின்றன. பூட்டக்கா தன் பாடத்தை ஒப்பித்தாள். எந்த மூலையில் அவர் நிற்பார், எத்தனை மணி வெயிலில் வரைவார், ஒருநாள் மழையில் படம் நனைந்து அழுத கதை. திரும்பிப் பார்த்தால் மனுஷன் செங்கல் அடுக்கில் உட்கார்ந்தபடி, வாயைப் பிளந்துகொண்டு தூங்குகிறார்.

“சார்! சார்!” என்று டிரைவர் தோளைத் தொட்டார்.

அவர் கண் திறக்காமலே கையை வீசினார். “தொடாதே... காயல... இன்னும் காயல. விரல் பதிஞ்சிருக்கு பாரு...”

அவ்வளவுதான். பூட்டக்கா நின்ற இடத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். காயவில்லை என்கிறான், விரல் பதிந்திருக்கிறது என்கிறான். தூக்கத்தில் பொய் வருமா? எல்லாம் தெரிந்துகொண்டுதான் வந்திருக்கிறான் பாவி!

அவரைத் தட்டி எழுப்பித் தண்ணீர்க் குழாய்ப் பக்கம் முகம் கழுவ அழைத்துப் போனார் டிரைவர். கார்க்கதவு திறந்துகிடந்தது. தோள்பை முன்சீட்டில் இருந்தது. பூட்டக்கா இருபத்திரண்டு வருஷமாக மற்றவர்கள் பையைச் சோதித்தவள்தான், ஆனால் அவர்கள் முகத்துக்கு முன்னால் சோதிப்பாள். இப்படித் திருட்டுத்தனமாக ஒரு பையைத் திறந்ததில்லை. அன்று திறந்தாள். மாற்றுச் சட்டை, மாத்திரைப் பட்டை, ஒரு துணிச்சுருள். சுருளைப் பிரித்தால் உள்ளே ஓர் அகலத் தகடு, வாய் பட்டையாக, மரப்பிடி போட்டது. நாலு மடிப்பு உப்புத்தாள். துணி முழுக்க வர்ணக் கறை.

சுரண்டி எடுத்துக்கொண்டு போகப்போகிறான். காகிதத்தில் மடித்து, மருந்துக்கடை மாதிரி எங்கேயாவது கொடுத்து, இது எந்தக் கடைப் பெயிண்ட், எந்த வருஷம், எந்தச் சிறுக்கி பூசியது என்று எழுதி வாங்கிவிடுவான்!

“என்ன பண்ற?” டிரைவரின் குரல் பின்னால் கேட்டது. வந்தவர் இன்னும் குழாயடியில் இருந்தார்.

“இது என்னன்னு பாருங்க. கத்தி!”

“கத்தியோ கடப்பாறையோ, அடுத்தவன் பையில உனக்கென்ன வேலை? மூடு முதல்ல. மானம் போகுது.”

“அவன் சாதாரண ஆள் இல்லீங்க.”

“ஆமா, அரண்மனையில களவெடுக்க வந்திருக்கான். ஏழு கரண்டி போனதுலேர்ந்து உனக்குப் பாக்குறவன் எல்லாம் திருடன்தான்.”

வெறும் திருடனாக இருந்தால் தேவலையே என்று அவளுக்கு அழுகை வந்தது. புருஷனிடம் சொல்லிவிடலாமா என்று ஒரு நிமிஷம் வாய் வரை வந்தது. அதற்குள் வந்தவர் முகத்தில் தண்ணீர் சொட்டத் திரும்பிவிட்டார்.

கடைசி வீட்டுக்கு வரும்போது மதியம் திரும்பிவிட்டது. டிரைவர் காபி வாங்கப் போனார். தலைகீழ் ஆட்களுக்கு மூன்றாம் ஊரில் இரண்டாம் காபி கொடுக்க வேண்டும் என்பதும் அவர் சட்டம். பூட்டக்கா கதவைத் திறந்தாள்.

வந்தவர் நேரே ஜன்னலுக்குப் போனார். கறையைக் குனிந்து பார்த்தார். முகர்ந்தார். பிறகு தன் வலது கட்டைவிரலை அதன்மேல், படாமல், ஒரு நூல் இடைவெளியில் வைத்துப் பார்த்தார். கையை மாற்றி இடது கட்டைவிரலை வைத்தார். தலையை ஆட்டினார்.

“அம்மா, குடிக்கத் தண்ணி கிடைக்குமா?”

தண்ணீர் கேட்டு என்னை வெளியே அனுப்பிவிட்டுச் சுரண்டப்போகிறான். வேண்டாம் என்று சொல்ல முடியுமா? தாகம் என்கிறவனிடம் அப்படிச் சொல்ல எந்த வாய் வரும்? ஓடினாள். பின்பக்கத்து அறையில் மாமியார் நாற்காலியில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார்.

“ஏன்டி இப்படி ஓடியாற? வீடு பத்திக்கிச்சா?”

“ஒண்ணுமில்லத்த.” செம்பில் தண்ணீர் மொண்டு பாதி சிந்த, பாதி மிஞ்சத் திரும்பி ஓடினாள்.

அறையில் அவரைக் காணோம். ஒரு கணம்தான். பிறகு தரையைப் பார்த்தாள். ஜன்னலுக்கு நேர் கீழே மல்லாந்து படுத்திருந்தார் மனுஷன். தோள்பை தலைக்கு அணையாக இருந்தது. கண் திறந்திருந்தது. மேலே பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்.

கட்டையைப் பார்த்தாள். கறை இருந்தது, சுரண்டவில்லை. ஆனால் அந்தச் சிரிப்பு! மாட்டிக்கொண்டவளைப் பார்த்துச் சிரிக்கிற சிரிப்பு. பூட்டக்காவுக்குக் கடிதம் வந்ததிலிருந்து பத்தொன்பது நாளாக இறுக்கிப் பிடித்திருந்தது எல்லாம் அறுந்தது.

“போதும் சார். எழுந்திருங்க. எழுந்து நேராக் கேளுங்க.”

“என்னம்மா கேக்கணும்?”

“உங்களுக்குத் தெரியும். தெரிஞ்சுகிட்டே என்னை ஏன் காலையிலேர்ந்து வறுத்தெடுக்குறீங்க? அது என் விரல்தான். நான்தான் தேய்ச்சேன், நான்தான் பூசினேன். எழுதிக்குங்க. குழுவுக்கு எழுதிப் போடுங்க. என் புருஷனுக்குத் தெரியாது, என் மாமியாருக்குத் தெரியாது. அவங்களை மட்டும் தெருவுல விட்டுடாதீங்க.” சொல்லச் சொல்லக் குலுங்கி அழுதாள். செம்புத் தண்ணீர் அவள் காலில் கொட்டியது.

அவர் முழங்கையை ஊன்றி எழுந்து உட்கார்ந்தார். தூக்கக் கலக்கத்தில் பாதிதான் விளங்கியது போலும். “எந்தக் குழும்மா? நான் பெயிண்ட் அடிக்கிறவன்.”

“என்னது?”

“வீடுகளுக்கு. சுவரு, கதவு, ஜன்னல். முப்பத்துநாலு வருஷம். போன மாசம்தான் வேலையை நிறுத்தினேன். ஒரு வீட்டுல வேலை செய்யும்போது இவரோட புத்தகம் பாத்தேன். அன்னைலேர்ந்து எம்பொண்ணுகிட்ட இந்த ஜன்னலைப் பத்தியே சொல்லிகிட்டிருந்தேன். அவதான் டிக்கெட் எடுத்து அனுப்பிச்சா.” பையிலிருந்து சுருளை எடுத்தார். “இது சுவர்ப் பள்ளத்தை அடைச்சுப் பட்டி பாக்குற தகடு. இதில்லாம எங்கயும் போய்ப் பழக்கமில்ல. பொண்ணு திட்டினா, வெச்சுகிட்டு வந்துட்டேன்.”

பூட்டக்காவுக்கு நிம்மதி வரவேண்டும் அல்லவா? கோபம்தான் வந்தது. இத்தனை வருஷம் கட்டிக்காத்ததை ஒரு சுவர்க்காரனிடம் அவசரப்பட்டு உளறிவிட்டோமே என்று தன்மேலேயே கோபம். அந்தக் கோபம் தலைக்கு ஏறுவதற்குள் வாசலில் இருந்து ஒரு குரல் வந்தது.

“மாமியாருக்குத் தெரியாதுன்னு யாருடி சொன்னா?”

கையில் பாதி உரித்த வெங்காயத்தோடு மாமியார் நின்றார். திருடனுக்குத் தேள் கொட்டின மாதிரி ஆனது பூட்டக்காவுக்கு. கத்தவும் முடியவில்லை, வாயை மூடவும் முடியவில்லை.

“நீ பூசின மறுநாளே பாத்தேன். வால் திரும்பியிருந்துச்சு. நான் பூசினதுக்கு வால் வலப்பக்கம்.”

“நீங்க... பூசினதா?”

“பின்ன? அந்தப் பெஞ்சை இழுத்துப் போடு, உக்காரணும்.” உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டார். “அந்த ஆளு இங்க குடியிருந்தப்ப எனக்கு வயசு பத்தொம்பது. எனக்கு என்ன வேலைன்னு நெனச்ச? அவருக்குச் சோறாக்குறது போக, அவரு அப்பினதைப் பூரா துடைக்கிற வேலை. கதவுல துடைப்பாரு, மேசையில துடைப்பாரு, இந்தக் கட்டையில துடைப்பாரு. காலையில அவரு அப்புவாரு, சாயங்காலம் நான் தேய்ப்பேன். எவனோ ஒருத்தன் வந்து போட்டோ எடுத்தானே, அன்னைக்கு அப்பினதுதான் புத்தகத்துல இருக்கிறது. அதையும் அன்னைக்கே தேய்ச்சுட்டேன். மறுநாள் திரும்பவும் அப்பினாரு. எனக்கு வந்துச்சு பாரு ஆத்திரம்! இனிமே ஒரு விரல் இங்க பட்டுச்சுன்னா சோறு கிடையாதுன்னு கத்தினேன். அதோட நிறுத்திட்டாரு. போற வரைக்கும் ஒரு பொட்டு கிடையாது. நல்ல மனுஷன், சொன்னா கேட்டாரு.”

“அப்போ இது?”

“பத்து வருஷம் கழிச்சு, புத்தகத்தைத் தூக்கிகிட்டு கூட்டமா வந்து நீலம் எங்க நீலம் எங்கன்னு கேட்டா நான் என்ன பண்றது? தேய்ச்சுட்டேன்னு சொன்னா என்னைத் தேய்ச்சிருப்பாங்க. அலமாரிக்கு அடிச்ச மிச்சப் பெயிண்ட் இருந்துச்சு. ஒரு இழுப்பு.”

“இருபத்திரண்டு வருஷமா தெரிஞ்சும் என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலியே அத்தை! நான் பயந்து பயந்து செத்தேனே!”

“நீ சொல்லுவேன்னு நான் இருந்தேன். நான் சொல்லியிருந்தா என் கதையையும் சொல்லணுமே. நீதான் எல்லாத்துக்கும் பூட்டுப் போடுறவளாச்சே, உன்கிட்ட வாய் தொறக்க யாருக்குத் தைரியம் வரும்?”

இருவரும் இப்போது கட்டையைப் பார்த்தார்கள். மெய்யான பரிசோதகர் இன்று இல்லாவிட்டால் நாளை வரப்போகிறார். கறை பொய். அதற்குமுன் இருந்ததும் பொய். ஒரு முழு ஊர் அந்தப் பொய்யைப் பார்த்துக் கண்கலங்கிக்கொண்டிருக்கிறது. இரண்டு அறையும் போன மாதிரிதான்.

“அம்மா” என்றார் வந்தவர். திரும்பவும் படுத்துவிட்டிருந்தார், குரல் தரையிலிருந்து வந்தது. “நீங்க திட்டினதுக்கப்புறம் அவரு எங்க துடைச்சாரு?”

“எங்கயும் இல்ல. அதான் சொன்னேனே.”

“கையைத் துடைக்காத பெயிண்டர் கிடையாதும்மா. துணி தூரத்துல இருக்கும், விரல் நனைஞ்சிருக்கும், கை தானாப் போகும். எங்களையும் வீட்டுக்காரம்மாங்க திட்டுவாங்க. திட்டு வாங்கினவன் எங்க துடைப்பான் தெரியுமா?” கையை உயர்த்தி மேலே காட்டினார். “வந்து படுத்துப் பாருங்க.”

பூட்டக்கா அவரையும் வாசலையும் பார்த்தாள். என்னைப் படுக்கவைத்துவிட்டு எதையாவது தூக்கிக்கொண்டு ஓடினால்? பழக்கதோஷம், அவ்வளவு சீக்கிரம் போகுமா? சாவிக்கொத்தை இடுப்பிலிருந்து உருவி முதுகுக்கு அடியில் வைத்துக்கொண்டு, இரண்டு முழம் தள்ளி மல்லாந்து படுத்தாள்.

ஜன்னல் கட்டையின் அடிப்பக்கம். இருபத்திரண்டு வருஷமாக மேல்பக்கத்தைக் கண்ணுக்குள் வைத்துக் காத்தவள், கீழே ஒருமுறையும் குனிந்து பார்த்ததில்லை.

அடிமரம் தெரியவில்லை. அத்தனையும் விரல். நீலம், மஞ்சள், சூளைச் செங்கல் சிவப்பு, ஆற்றுப் பச்சை, அழுக்கு வெள்ளை. ஒன்றின்மேல் ஒன்றாக, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை. சில இடத்தில் தடித்துப்போய்ப் பொருக்காக நின்றது. பெரிய விரல், அகலமான விரல். உள்ளிருந்து நீட்டி, கீழே கொடுத்து, தன் பக்கம் இழுத்த விரல். ரேகைகூடத் தெரிந்தது.

“அத்தை” என்றாள்.

“என்னடி இருக்கு? பல்லி செத்துக் கிடக்கா?”

“விரல் அத்தை. அவரோட விரல். நூறு இருக்கும். இல்ல, நூறுக்கும் மேல.”

மாமியார் பெஞ்சைவிட்டு எழுந்தார். குனிய முடியாது, முட்டி மடங்காது. கட்டையைப் பிடித்துக்கொண்டு நின்று, அடியில் கையைக் கொடுத்துத் தடவினார். பொருக்குப் பொருக்காக விரலில் இடறியது. தடவிக்கொண்டே கோடி வரை போனார். திரும்பித் தடவிக்கொண்டே வந்தார்.

“திருட்டுப் பய” என்றார். “திருட்டுப் பய! நான் திட்டினதுக்குப் பயந்துகிட்டு ஒளிச்சு ஒளிச்சு அப்பியிருக்கான். சோறு போடும்போது கையைக் காட்டுவான், சுத்தமா இருக்கும். நல்ல புள்ளைன்னு நெனச்சு ரெண்டாம் தரம் போடுவேன்.” வெங்காயக் கையாலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டார். எரிச்சலில் கண்ணீர் இன்னும் கொட்டியது. “பத்தொம்பது வயசுக் கழுதை நான். அந்தக் கத்து கத்தியிருக்க வேணாம்.”

கொஞ்ச நேரம் மூக்கை உறிஞ்சினார். பிறகு, “வாளியும் சோப்பும் எடுத்துட்டு வா” என்றார்.

“அத்தை!” என்று அலறி எழுந்து உட்கார்ந்தாள் பூட்டக்கா.

“மேல இருக்கிறதுக்குடி, கூறு கெட்டவளே. நீயும் நானும் அப்பினதுக்கு. பாக்க வர்றவங்க இனிமே கீழ குனிஞ்சு பாக்கட்டும்.”

பூட்டக்கா வாளி கொண்டுவந்தாள். டிரைவர் மூன்று கோப்பைக் காபியோடு உள்ளே வந்தபோது அவர் கண்ட காட்சி இதுதான்: மனைவி ஓவியரின் புகழ்பெற்ற நீலக் கறையை மணல் போட்டுத் தேய்த்துக்கொண்டிருக்கிறாள், அம்மா பக்கத்தில் நின்று மேற்பார்வை செய்கிறார், வந்தவர் அவர்கள் காலடியில் குறட்டை விட்டுத் தூங்குகிறார்.

“ஐயையோ! என்ன பண்றீங்க ரெண்டு பேரும்?”

“சத்தம் போடாதீங்க” என்றாள் பூட்டக்கா. “அவர் தூங்குறார்.”

“அவரைத் தூங்க விடக்கூடாதுன்னு...”

“தூங்கட்டும். பதினாறு மணி நேரம் வந்தவர்.”

அழுக்குத் தண்ணீர் அவர்மேல் சொட்டாமல் இடது கையால் துணியை அணை கட்டிக்கொண்டு, வலது கையால் தேய்த்தாள். பழக்கமில்லாத கை, வேகம் வரவில்லை. நீலம் மெல்ல மெல்ல வெளுத்து, வால் போய், தலை போய், மரம் தெரிந்தது.

“அந்த ஓரம் நிக்குது பாரு” என்றார் மாமியார். “அழுத்தித் தேய்.”